தந்தையின் பழியும் மகனின் விதைகளும்

நம் வீடுகளில் சாம்பாரோ ரசமோ தாளிக்கும்போது எண்ணெயில் முதலில் வெடிப்பது கடுகு. விண்ணரசைப் பற்றிப் பேச ஆண்டவர் எடுத்துக்கொண்டதும் ஒரு கடுகு விதையைத்தான். இவ்வளவு பழக்கமான கடுகின் தாய் தந்தையர் யார் என்று நாம் கேட்டதில்லை. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகு இரண்டு வெவ்வேறு செடி இனங்கள் கலந்து பிறந்த பிள்ளை. அதற்கு உறவுமுறையில் முட்டைக்கோசு சித்தப்பா முறை வேண்டும் என்று சொன்னாலும் தவறில்லை.

கடுகு, முட்டைக்கோசு, டர்னிப் ஆகியவற்றின் குடும்ப உறவுகளை 1935-ஆம் ஆண்டில் ஒரே ஒரு முக்கோணப் படத்தில் வரைந்து காட்டியவர் ஊ ஜாங்-சூன். கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் இது. உலகெங்கும் இந்தக் குடும்பப் பயிர்களில் நோய் தாங்கும் வகைகளை உருவாக்குகிறவர்கள் இன்றும் அந்த முக்கோணத்தை வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆனால் இன்று அவரை நாம் நினைத்துப் பார்ப்பதற்கு அவருடைய அறிவு மட்டும் காரணம் அல்ல. தந்தை செய்த குற்றம் பிள்ளையின் தலையில் விழுமா என்ற கேள்வி மனித குலத்துக்குப் பழையது. சீடர்கள்கூட, பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டபோது அதைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தம் பெயரிலேயே சுமந்துகொண்டு வாழ்ந்தவர் ஊ ஜாங்-சூன்.

அரண்மனையில் நடந்த கொலை

1895-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள். கொரியாவின் தலைநகரில் அரண்மனைக்குள் ஜப்பானியர் கும்பல் ஒன்று புகுந்து அரசி மியோங்சோங்கைக் கொன்றது. ஜப்பானின் ஆதிக்கத்துக்குத் தடையாக நின்றவர் அந்த அரசி. ஜப்பானியர் பயிற்சி கொடுத்திருந்த கொரியப் படைவீரர்களும் இந்தச் சதிக்குப் பயன்படுத்தப்பட்டார்கள். அந்தப் படையின் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஊ போம்-சோன். அவர்தான் நம் ஊ ஜாங்-சூனின் தந்தை.

நாட்டில் இருக்க முடியாமல் அவர் ஜப்பானுக்குத் தப்பி ஓடினார். அங்கே சகாய் நாகா என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். 1898 ஏப்ரல் 8-ஆம் நாள் டோக்கியோவில் மூத்த மகன் ஜாங்-சூன் பிறந்தார். 1903 நவம்பரில், ஹிரோஷிமா பகுதியில் உள்ள கூரே நகரில், அரசியின் சாவுக்குப் பழிவாங்க வந்த கோ யோங்-குன் என்ற கொரியர் ஊ போம்-சோனைக் கொன்றார். அப்போது மகனுக்கு ஐந்து வயது. தாயின் வயிற்றில் இன்னொரு குழந்தை.

எண்ணிப் பாருங்கள். கொரியர்களுக்கு அந்தச் சிறுவன் துரோகியின் மகன். ஜப்பானியர்களுக்கோ அவன் கொரியன். இரண்டு பக்கமும் அவனுக்கு இடம் இல்லை. கையில் காசில்லாத தாய், இளைய குழந்தையை வைத்துக்கொண்டு, மூத்தவனைச் சில காலம் டோக்கியோவில் ஒரு கோயிலைச் சேர்ந்த அநாதை இல்லத்தில் விட வேண்டியதாயிற்று. பசியும் பிள்ளைகளின் கேலியும் அங்கே அவனுக்குப் பழகிப்போயின.

பிற்பாடு தாய் அவனை மீட்டுக்கொண்டு வந்து, உழைத்துப் படிக்க வைத்தார். பாதையோரத்தில் எத்தனை பேர் மிதித்தாலும் மீண்டும் எழுந்து பூக்கும் டான்டிலியான் என்னும் மஞ்சள் பூச்செடியைக் காட்டி, அதைப்போல இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் மகனுக்குக் கற்றுக்கொடுத்ததாகக் கொரியாவில் இன்றும் கதை சொல்கிறார்கள்.

பெயரை விடாதவர்

1919-ஆம் ஆண்டில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேளாண் செயல்முறைப் படிப்பை முடித்து, அரசின் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது முழுமையான பட்டப்படிப்பு அல்ல. அதனால் நெடுங்காலம் தாழ்ந்த பதவியிலேயே இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னேறிச் சென்றார்கள். அவர் செடிகளுக்கு நடுவே இருந்தார். முதலில் காலையில் பூத்து வாடும் அசகாவோ மலர்களின் மரபு, பிறகு அடுக்கிதழ் கொண்ட பெட்டூனியா மலர்கள் என்று அவருடைய ஆராய்ச்சி வளர்ந்தது.

1924-இல் கோஹாரு என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். கொரியனுக்குப் பெண் கொடுக்கப் பெண் வீட்டார் விரும்பவில்லை. சட்டப்படி அவர் சுனாகா என்ற ஜப்பானியக் குடும்பத்தின் சுவீகாரப் பிள்ளையாகப் பதிவானார். பிள்ளைகளுக்கும் அந்தக் குடும்பப் பெயரே கிடைத்தது. ஆனால் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் தந்தையின் குடும்பப் பெயரான ஊ என்பதையே போட்டார். நாகஹாரு என்பது ஜாங்-சூன் என்பதன் ஜப்பானிய ஒலிப்பு. நாகஹாரு ஊ என்று அச்சான அந்தப் பெயரால்தான் இன்றும் அவருடைய முக்கோணம் ஊ முக்கோணம் என்று அழைக்கப்படுகிறது.

நல்ல பெயரை எல்லாரும் தாங்கிக்கொள்வோம். பழி சுமந்த பெயரை மறைக்க வழி இருந்தும் மறைக்காமல் இருப்பது எளிதல்ல.

மூன்று பெற்றோர், மூன்று பிள்ளைகள்

அவர் கண்டுபிடித்ததைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். உயிரினங்களின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் என்னும் நூலிழைகள் இருக்கின்றன. மரபுச் செய்திகள் எல்லாம் அவற்றில்தான் அடங்கியுள்ளன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அவை இணை இணையாக இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் மூன்று அடிப்படை இனங்கள் உண்டு. முதலாவது, டர்னிப்பும் கொரியர்களும் சீனர்களும் உண்ணும் நீண்ட நாப்பா கோசும் சேர்ந்த இனம். அதற்கு 10 இணைக் குரோமோசோம்கள். இரண்டாவது, கருங்கடுகு. அதற்கு 8 இணைகள். மூன்றாவது, முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல், பிராக்கோலி எல்லாம் அடங்கிய இனம். அதற்கு 9 இணைகள். பார்க்க எவ்வளவு வேறுபட்டாலும் முட்டைக்கோசும் பூக்கோசும் நூல்கோலும் ஒரே இனம்தான் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பத்தும் எட்டும் பதினெட்டு. நம் சமையல் கடுகுக்கு 18 இணைகள். பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. எண்ணெய்க்காகப் பயிரிடும் ரேப் செடிக்கு, அதாவது இன்று கனோலா என்று அழைக்கப்படும் பயிருக்கு, 19 இணைகள். எட்டும் ஒன்பதும் பதினேழு. எத்தியோப்பியக் கடுகுக்கு 17 இணைகள். மூன்று பெற்றோரை முக்கோணத்தின் மூன்று முனைகளில் வைத்தால், மூன்று பிள்ளைகளும் பக்கங்களில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

எண்ணிக்கை பொருந்துவதை மட்டும் வைத்து உறவை நிலைநாட்ட முடியாது. மொரினாகா என்ற ஜப்பானிய அறிஞர் இந்தச் செடிகளைக் கலந்து, குரோமோசோம்கள் எவை எவற்றோடு இணை சேர்கின்றன என்று ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார். அந்த அடித்தளத்தின் மேல் ஊ ஒரு படி மேலே போனார். முதல் இனத்தையும் முட்டைக்கோசு இனத்தையும் கலந்து, இயற்கை எப்போதோ செய்த ரேப் செடியைத் தம் ஆய்வு நிலையத்தில் மீண்டும் உருவாக்கிக் காட்டினார்.

இதில் என்ன பெரிய விஷயம்? குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதை குட்டி போடாது. இரண்டு இனங்கள் கலந்தால் பொதுவாக வம்சம் அங்கேயே நின்றுவிடும். காரணம், தாய் வழியாக வந்த குரோமோசோம்களுக்கும் தந்தை வழியாக வந்தவற்றுக்கும் இணை கிடைப்பதில்லை. ஆனால் செடிகளில் சில நேரம் குரோமோசோம்கள் அனைத்தும் இரட்டிப்பாகிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை கிடைத்துவிடுகிறது. கலப்பில் பிறந்த செடி மலடாகாமல், தானே ஒரு புதிய இனமாக நிலைக்கிறது. புதிய இனங்கள் சிறு சிறு மாற்றங்களால் மெல்ல மெல்லத் தோன்றுவதோடு, இரண்டு இனங்கள் கூடுவதாலும் தோன்ற முடியும் என்பதற்கு அவருடைய ரேப் செடி கண்கண்ட சாட்சியாக நின்றது.

இரு நாடுகளின் இரத்தம் ஓடிய, இரு நாடுகளும் தள்ளி வைத்த ஒரு மனிதர் இதைக் கண்டறிந்தார். 1936-இல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே அரசு வேலையை விட்டு, கியோட்டோவில் தாகி என்ற விதை நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணைக்குத் தலைவராகச் சென்றார்.

விதையில்லாத நாடு

1945-இல் போர் முடிந்தது. கொரியா ஜப்பானிடமிருந்து விடுதலை பெற்றது. ஆனால் விடுதலையோடு ஒரு புதிய துன்பமும் வந்தது. அதுவரை காய்கறி விதைகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்துகொண்டிருந்தன. அந்த வழி அடைபட்டது.

கொரியர்களின் உணவில் கிம்ச்சி இல்லாத வேளை கிடையாது. குளிர்காலம் தொடங்கும்போது நாப்பா கோசையும் முள்ளங்கியையும் உப்பிலிட்டு, மிளகாயும் பூண்டும் சேர்த்து, பானை பானையாகப் புளிக்க வைப்பார்கள். பனி மூடிய மாதங்களில் ஏழைக் குடும்பத்துக்கு அதுதான் காய்கறி. முள்ளங்கியும் இதே முட்டைக்கோசுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. விதை இல்லையென்றால் கிம்ச்சி இல்லை. கிம்ச்சி இல்லையென்றால் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம்.

விளைந்த செடியிலிருந்தே விதை எடுத்து வைக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். கத்தரியில் அதைச் செய்யலாம். இந்தக் குடும்பத்தில் அவ்வளவு எளிதல்ல. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. தேனீக்கள் பக்கத்து வயலிலிருந்து எந்த மகரந்தத்தைக் கொண்டுவருகின்றனவோ அதற்கேற்பப் பிள்ளை பிறக்கும். இரண்டு மூன்று தலைமுறையில் நல்ல வகை சிதைந்துவிடும். அதே நேரத்தில், தன் மகரந்தத்தைத் தானே மறுக்கும் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். இரண்டு தூய வரிசைகளை அருகருகே நட்டால், ஒன்று மற்றொன்றின் மகரந்தத்தையே ஏற்று, வீரியமுள்ள கலப்பின விதைகளைத் தரும். அந்தத் தூய வரிசைகளைக் காப்பாற்றத்தான் உழைப்பு வேண்டும். பூ விரியுமுன், மறுக்கும் குணம் இன்னும் வராத இளம் மொட்டைக் கையால் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தை வைக்க வேண்டும். மொட்டு மொட்டாகச் செய்ய வேண்டிய வேலை அது.

இதையெல்லாம் அறிந்த ஒருவர் ஜப்பானில் இருக்கிறார் என்று கொரியர்களுக்குத் தெரிந்தது. அவரை அழைத்துவர ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அரசியைக் கொன்ற சதியில் இருந்தவரின் மகனைத்தான் அந்த மக்கள் அழைத்தார்கள். இதையும் நாம் கவனிக்க வேண்டும். மன்னிப்பின் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் அவர்கள்.

1950 மார்ச் மாதம் ஊ ஜாங்-சூன் கப்பலில் புசான் துறைமுகம் வந்து இறங்கினார். அப்போது வயது 51. தாயும் மனைவியும் ஆறு பிள்ளைகளும் ஜப்பானிலேயே தங்கிவிட்டார்கள். கொரிய மொழி அவருக்குச் சரியாகப் பேச வராது. ஜப்பானிய மொழியிலேயே பாடம் நடத்தினார். ஜப்பானியரின் ஆட்சியில் துன்பப்பட்டு அப்போதுதான் விடுதலை பெற்ற மக்களுக்கு அந்த மொழியைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் இளைஞர்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள்.

போரின் நடுவே ஒரு தோட்டம்

வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 25-ஆம் நாள் கொரியப் போர் வெடித்தது. தலைநகர் விழுந்தது. மக்கள் தெற்கு நோக்கி ஓடினார்கள். பகைவர் கையில் விழாமல் நின்ற தென்கிழக்கு மூலையில் புசான் இருந்தது. நகரம் அகதிகளால் நிரம்பி வழிந்தது. அந்த நகரத்தின் டோங்நே பகுதியில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் ஊவும் அவருடைய மாணவர்களும் நாற்று வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாப்பா கோசிலும் முள்ளங்கியிலும் நல்ல வகைகளைத் தேர்ந்தெடுத்து, நாட்டுக்குத் தேவையான விதையை நாட்டுக்குள்ளேயே உற்பத்தி செய்ய வழி வகுத்தார். வேறு வயல்களின் மகரந்தம் வந்து கலக்காமல் இருக்க, கடல் சூழ்ந்த ஜிண்டோ தீவில் விதைப் பயிர் போடப்பட்டது. கடல் அங்கே வேலியாக அமைந்தது.

உருளைக்கிழங்கிலும் இதே கவனம். உருளைக்கிழங்கை வைரஸ் நோய்கள் தாக்கும். நோயுற்ற கிழங்கையே மறுபடி விதைக்கிழங்காக நட்டால் நோயும் கூடவே முளைக்கும். அந்த வைரஸ்களைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினிப் பூச்சி. குளிர்ந்த உயர்ந்த மலைப்பகுதியில் அசுவினி குறைவு. எனவே காங்வோன் மாநிலத்தின் மலைப்பகுதியில் நோயற்ற விதைக்கிழங்கு வளர்க்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். ஜெஜு தீவில் ஆரஞ்சு வகைகளை வளர்க்கவும் வழிகாட்டினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. விதையில்லாத தர்பூசணியைக் கண்டுபிடித்தவர் ஊ ஜாங்-சூன் என்று கொரியாவில் பல தலைமுறைகள் நம்பி வந்தன. அது சரியல்ல. அதை உருவாக்கியவர் ஜப்பானிய அறிஞர் கிஹாரா. ஊ செய்தது, மரபியலால் என்ன முடியும் என்று சந்தேகப்பட்ட விவசாயிகளுக்கு அந்தப் பழத்தைக் கொரியாவில் வளர்த்துக் காட்டியதுதான். பெரியோரின் வாழ்வுக்கு நாம் பொய்யான மகுடம் சூட்டத் தேவையில்லை. அவர்கள் உண்மையில் செய்ததே போதும்.

ஆடம்பரம் இல்லாத மனிதர். சாதாரண ரப்பர் செருப்பணிந்து தோட்டத்தில் நடப்பார். ரப்பர் செருப்பு முனைவர் என்றே மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள்.

தாய்ப்பால் ஊற்று

1953-இல் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. தாய் இறந்துவிட்டார். அநாதை இல்லத்திலிருந்து மீட்டு, பழியோடு பிறந்த பிள்ளையை மனிதனாக்கிய தாய். அவரை அடக்கம் செய்யப் போக அரசு அனுமதி தரவில்லை. அன்று இரு நாடுகளுக்கும் உறவு சரியில்லை. போனவர் திரும்பி வராமல் இருந்துவிடுவாரோ என்ற அச்சமும் அரசுக்கு இருந்தது.

அவர் புசானிலேயே தாய்க்கு அஞ்சலி செலுத்தினார். நாடெங்கும் இருந்து மக்கள் துக்கக் காசு அனுப்பினார்கள். அந்தப் பணத்தை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. ஆய்வு நிலையத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தது. அந்தப் பணத்தில் அங்கே ஒரு கிணறு தோண்டி, அன்புத் தாயின் பால் ஊற்று என்று பொருள்படும்படி ஜாயுசோன் என்று பெயர் வைத்தார். அந்தத் தண்ணீர் நாற்றுகளுக்குப் பாய்ந்தது. சுற்றி இருந்த மக்களும் எடுத்துக் குடித்தார்கள். அந்த ஊற்று இன்றும் அவருடைய நினைவு இல்லத்துக்கு அருகில் இருக்கிறது.

இந்த வாழ்வுக்கு ஒரு விலையும் இருந்தது. அதை நாம் மறைக்கக் கூடாது. கோஹாரு அம்மையார் ஜப்பானில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார். தந்தை இல்லாமல் வளர்ந்த ஒருவரின் பிள்ளைகள், தந்தை உயிரோடிருந்தும் அவரோடு வாழ முடியாமல் வளர்ந்தார்கள். ஒரு நாட்டுக்குக் கிடைத்த கொடைக்குப் பின்னால் ஒரு வீட்டின் வெறுமை இருந்தது. பொதுப்பணியில் இருப்பவர்களின் வீட்டாரை நினைக்கும்போது இதையும் நாம் நினைக்க வேண்டும்.

1959-இல் வயிற்றுப் புண் முற்றிப் படுக்கையில் விழுந்தார். ஆகஸ்ட் 7-ஆம் நாள் கொரிய அரசு தன் உயரிய பண்பாட்டுப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. துரோகியின் மகன் என்று தொடங்கிய வாழ்வை நாடு தன் மகனுடைய வாழ்வாக ஏற்றுக்கொண்டது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 10-ஆம் நாள், 61-ஆம் வயதில் காலமானார். சுவோன் நகரில் உள்ள யோகிசான் குன்றில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

உறவினரிடமிருந்து வரும் வலிமை

அவர் இறந்த பிறகுதான் முக்கோணத்தின் முழுப் பயன் தெரிய வந்தது. ஒரு பயிருக்கு நோய் வந்தால், அதைத் தாங்கும் மரபணு அந்தப் பயிரிலேயே இல்லாமல் போகலாம். ஆனால் உறவுக்காரச் செடியில் இருக்கலாம். யார் யாருக்கு உறவு, யாரிடமிருந்து யாருக்கு அந்த மரபணுவைக் கொண்டுவர முடியும் என்பதை அந்த முக்கோணம் சொல்கிறது.

முட்டைக்கோசு பயிரிடுவோர் அஞ்சுவது வேர்முண்டு நோய். மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் கிருமி வேருக்குள் புகுந்து, வேரை முண்டு முண்டாக வீங்க வைக்கும். செடி தண்ணீர் உறிஞ்ச முடியாமல் வாடிவிடும். ரஷ்ய அறிஞர் வொரோனின் 1878-இல் இதன் காரணத்தை விளக்கினார். இந்த நோயைத் தாங்கும் மரபணுக்கள் நாப்பா கோசில் கிடைப்பது அரிது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த, ஐரோப்பாவில் மாட்டுத் தீவனமாக வளர்ந்த சில டர்னிப்புகளில் அவை இருந்தன. யாரும் பெரிதாக மதிக்காத அந்த டர்னிப்பிலிருந்துதான் ஆசியாவின் நாப்பா கோசுக்கு எதிர்ப்பாற்றல் வந்து சேர்ந்தது. 2012, 2013 ஆண்டுகளில் அத்தகைய இரண்டு மரபணுக்களை ஜப்பானிய அறிஞர்கள் தனியே பிரித்து அடையாளம் கண்டார்கள். அவை கிருமியின் வரவைக் கண்டறிந்து செல்லை எச்சரிக்கும் வாயிற்காவலர் போன்ற புரதங்களை உண்டாக்குகின்றன.

ரேப் பயிருக்கும் இதே நோய் வந்தது. அப்போது ஊ காட்டிய வழியே கைகொடுத்தது. எதிர்ப்பாற்றல் உள்ள டர்னிப்பையும் முட்டைக்கோசு இனத்தையும் கலந்து ரேப் செடியை மறுபடியும் உருவாக்கினார்கள். அதிலிருந்து ஐரோப்பாவில் ஒரு புதிய வகை வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மெண்டல். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியலுக்கு அடித்தளம் இட்ட நம் அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டலின் பெயர் அது. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி எண்ணிய துறவியின் பெயரும், ஆய்வு நிலையத்தில் குரோமோசோம் எண்ணிய அநாதைச் சிறுவனின் வழியும் ஒரே செடியில் சேர்ந்தன.

முட்டைக்கோசையும் பூக்கோசையும் தாக்கும் கருப்பு அழுகல் நோய்க்கும் இப்படித்தான். அதைத் தாங்கும் ஆற்றல் முட்டைக்கோசு இனத்தில் மிகக் குறைவு. கருங்கடுகிலும் எத்தியோப்பியக் கடுகிலும் அது நிறைய உண்டு. எத்தியோப்பியக் கடுகு வறட்சியையும் வெப்பத்தையும்கூடத் தாங்கி நிற்கும். அதிலிருந்து பூக்கோசுக்கு எதிர்ப்பாற்றலைக் கொண்டுவரும் முயற்சியில் நம் இந்திய அறிஞர்களும் ஈடுபட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒருமுறை கிடைத்த எதிர்ப்பாற்றல் என்றென்றைக்கும் நிற்பதில்லை. கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறது. மெண்டல் ரேப்பையே சில வயல்களில் புதிய கிருமி வகைகள் வென்றுவிட்டன. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 2003-இல் கனோலா வயல்களில் இந்த நோய் காணப்பட்டது. 2009-இல் எதிர்ப்பாற்றல் உள்ள வகை வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் மீறும் கிருமிகள் தோன்றின. ஒரே மரபணுவை நம்பி, ஒரே பயிரை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போட்டதன் விளைவு அது. பயிர் மாற்றியும், பல மரபணுக்களைச் சேர்த்தும், நோயுற்ற மண்ணை வேறு வயலுக்குக் கொண்டுபோகாமலும் விழிப்பாக இருப்பதே வழி.

2010-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கெட்ட வானிலையால் கொரியாவில் நாப்பா கோசு விளைச்சல் குறைந்து, விலை பல மடங்கு ஏறியது. கிம்ச்சி இல்லாமல் போய்விடுமோ என்று நாடே கலங்கியது. மறு ஆண்டு, 2011-இல், பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து நாப்பா கோசின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 41,000 மரபணுக்கள். ஊ எண்ணிய அந்தப் பத்து இணைக் குரோமோசோம்களுக்குள் எழுதப்பட்டிருந்த புத்தகம் திறக்கப்பட்டது. வெப்பத்தையும் நோயையும் தாங்கும் கோசைத் தேடுகிறவர்கள் இன்று அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு

அன்புக்குரியவர்களே, நம் ஊர்களிலும் குடும்பப் பெயரால் பழி சுமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறைக்குப் போனவரின் மகன், குடிகாரரின் மகள், கலப்பு மணத்தில் பிறந்து இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிற்கும் குழந்தை என்று அவர்களை நாம் அடையாளம் சொல்லிப் பேசுகிறோம். திருமணப் பேச்சிலும் வேலை கொடுப்பதிலும் அந்தப் பழைய கதையைத் தோண்டி எடுக்கிறோம். அப்படி நாம் ஒதுக்கும் பிள்ளையிடம் என்ன வலிமை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மாட்டுத் தீவனம் என்று ஒதுக்கிய டர்னிப்பில்தான் ஒரு கண்டத்தின் காய்கறியைக் காப்பாற்றிய மரபணு இருந்தது.

ஊ ஜாங்-சூன் தந்தையின் குற்றத்தைச் செய்யவில்லை. ஆயினும் அந்தப் பெயரை உதறிவிடவும் இல்லை. அதே பெயரோடு, தந்தை காயப்படுத்திய மக்களிடம் விதையோடு வந்தார். அவர்களும் கதவைத் திறந்தார்கள். வந்தவரும் திறந்தவர்களும் சேர்ந்துதான் அந்தப் பழியை முடித்து வைத்தார்கள்.

இந்த வாரம் நம் வீட்டில் கடுகு வெடிக்கும் ஓசை கேட்கும்போது அவரை நினைத்துக்கொள்வோம். நம் பங்கில், நம் தெருவில், பெற்றோரின் பழியைச் சுமந்து நிற்கும் ஒரு பிள்ளையின் பெயரையும் நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக் கதவை ஒருமுறை போய்த் தட்டுவோம்.